கெடிலம் பெருகிய நாளில் ஒரு குழந்தை

"கெடிலத்தில் வெள்ளம். குருவானவர் ஆற்றைக் கடக்க முடியாததால், சாகும் நிலையிலிருந்த குழந்தை சவரியம்மாளுக்கு மருத்துவச்சியே தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்தாள்."

கடலூர், 2009. பழைய மாதா கோவில் ஒன்றின் அலுவலகத்தில், நூறு ஆண்டுக்கும் முந்தைய ஞானஸ்நானப் பதிவேட்டிலிருந்து இதை எழுதிக்கொள்கிறேன். மழைக் கணக்கு கிடைக்காத வருடங்களின் வெள்ளத்தை நான் இப்படித்தான் தேடுகிறேன்.

அலமாரிச் சாவியோடு நிற்கும் அலுவலக உதவியாளர் ஆரோக்கியமேரி எட்டிப் பார்க்கிறார்.

"மழையவே எழுதுறீங்களே சார், புள்ள பொழச்சுதா?"

"அது இதுல இருக்காதும்மா."

"சாவு நோட்டு அதோ இருக்கு, பாருங்க. கொறமாசத்துல பொறந்து ஆஸ்பத்திரில கண்ணாடிப் பொட்டில கெடக்குற என் பேத்திக்கு நேத்து நானேதான் தண்ணி ஊத்திட்டு வந்தேன்."

மழையை விட்டுவிட்டு அடக்கப் பதிவேட்டைப் புரட்டுகிறேன். சவரியம்மாள் பெயர் இல்லை. ஆனால் நடுவில் சில பக்கங்களைச் செல் அரித்திருக்கிறது. அதையும் அவருக்குக் காட்டுகிறேன்.

"செல்லு தின்னதையெல்லாம் கணக்குல சேக்காதீங்க சார்."

சாவியை என்னிடமே கொடுத்துவிட்டு அவர் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புகிறார்.

வெள்ளம் வந்தது உறுதி என்று குறித்துக்கொள்கிறேன். சவரியம்மாள் பிழைத்தாளா என்பது இன்னும் சரிபார்க்கப்படவில்லை.