நடுவில் பாடியவர்

வேலூர் ராக் பேண்ட் ஒன்றின் ஆண்டு விழா. பேனரில் பேண்டைத் தொடங்கியவர்களும் இப்போதைய பையன்களும் மட்டும்தான் இருந்தார்கள். நடுவில் ஏழு வருஷம் பாடியவர், இன்று ஆம்பூர் ஷூ கம்பெனியில் தோலின் தரம் பார்க்கும் செக்கர், டிக்கெட் வாங்கிக் கடைசி வரிசையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். குள்ளம், வழுக்கை. தோல் பார்க்கிற பழக்கத்தில் நாற்காலி உறையைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இன்னாண்ணா அநியாயம் இது? உங்க போட்டோ எங்க?"

சிரித்தார். "அப்பவே என்னை யாருக்குப் புடிச்சுது? செவப்புச் சட்டை ஒருத்தன், 'பழைய ஆளக் கூப்புடு'ன்னு கத்துவான். பேஜாரு. ஆனா ஒரு ஷோகூட விடமாட்டான்."

அந்தச் சிவப்புச் சட்டை நான்தான். அவருக்குத் தெரியுமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

மேடையில் அவர் மெட்டமைத்த பாட்டை, அவர் பெயரைச் சொல்லாமலே ஆரம்பித்தார்கள். நான் நாற்காலி மேல் ஏறி நின்று கத்தினேன்: "பழைய ஆளக் கூப்புடு!"