திருவாமாத்தூர் வர்றியா?

என் சகலை திண்டிவனத்தில் வீடு வீடாகப் போய் கரண்ட் ரீடிங் எடுக்கிறவர். நடப்பதுதான் அவருக்கு உத்தியோகம். நான் விழுப்புரத்தில் ஒரு ஹார்டுவேர் கடையில் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறேன். ஆணி எடுத்துத் தர ஆள் உண்டு, டீ மேஜைக்கே வரும். முன்பெல்லாம் சைக்கிளில்தான் கடைக்குப் போவேன். ஸ்கூட்டர் வாங்கியதோடு அதுவும் போயிற்று. சகலை என்னைவிடச் சின்னவர். தொப்பை இல்லை, தலைமுடி அப்படியே இருக்கிறது. அதையெல்லாம் எப்படியோ பொறுத்துக்கொண்டிருந்தேன்.

பொறுக்க முடியாமல் போனது இந்தக் காணும் பொங்கலன்று, திண்டிவனத்தில் மாமியார் வீட்டில்.

என் மகளுக்குக் கல்லூரியில் ஒரு அசைன்மென்ட் கொடுத்திருந்தார்கள். ஊரில் புழங்கும் ஒரு பேச்சு எப்படி வந்தது என்று வீட்டில் ஒருவரைச் சொல்லச் சொல்லி, அவர் குரலைப் பதிவு செய்து அனுப்ப வேண்டும். அவள் யோசிக்கவே இல்லை, என்னிடம்தான் வந்தாள். சின்ன வயதில் சைக்கிள் பாரில் உட்காரவைத்துப் பள்ளிக்கூடம் கூட்டிப் போகும்போது அவளுக்கு இதையெல்லாம் சொல்வேன். நாலு பேர் முன்னால் வாய் திறக்காத எனக்கு, அவள் ஒருத்தியிடம் மட்டும் பேச்சு வரும்.

எங்கள் பக்கத்தில் ஒருவன் பொய் சொல்கிறான் என்று பட்டால், "திருவாமாத்தூர் வர்றியா?" என்று கேட்பார்கள். அங்கே கோயிலில் வட்டப்பாறை இருக்கிறது. அதன் முன் பொய்ச் சத்தியம் செய்தவன் வீடு போய்ச் சேரமாட்டான் என்பது நம்பிக்கை. அந்தக் கதையைத்தான் மகள் கேட்டாள்.

சாப்பிட்டு முடித்து எல்லோரும் அவித்த மல்லாட்டையை உடைத்துக் கடலை தின்றுகொண்டிருந்தோம். அவள் போனை என் முன்னால் நீட்டினாள். ஆரம்பித்தேன். அண்ணன் தம்பி இரண்டு பேர். தம்பியின் தங்கத்தை அண்ணன் அமுக்கிவிட்டான். தம்பி அவனைச் சத்தியத்துக்கு இழுத்தான். அண்ணன் வட்டப்பாறை முன்னால் வந்து நின்றான்.

அதோடு நின்றுபோனது. அவன் ஏதோ தந்திரம் செய்வான். அது என்ன? தலைக்குள் தேடினேன். ஒன்றும் இல்லை.

"உங்கப்பாவுக்கு சார்ஜ் எறங்கிப்போச்சு," என்றாள் கொழுந்தியாள் மகளிடம். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"கைத்தடிண்ணா," என்றார் சகலை மெதுவாக.

மகள் போனை அவர் பக்கம் திருப்பினாள். அவ்வளவுதான் நடந்தது. பெரிய விஷயம் இல்லை என்று யாரும் சொல்லலாம். எனக்கு வயிறு எரிந்தது.

அவர் சொன்னார். அண்ணன் ஒரு கைத்தடியைக் குடைந்து தங்கத்தை அதற்குள் போட்டு வந்தான். "இதைக் கொஞ்சம் புடிச்சிக்கினு இரு" என்று தம்பி கையில் கொடுத்தான். பிறகு, "அவன் பொருள் என்கிட்ட இல்ல, அவன்கிட்டதான் இருக்குது" என்று சத்தியம் செய்தான். சொன்னது என்னவோ நிஜம். தடியைத் திரும்ப வாங்கிக்கொண்டு கிளம்பினான். ஊர் எல்லை தாண்டியதும் பாம்பு கடித்தது. ஏற்ற இறக்கத்தோடு அழகாகச் சொன்னார். பாதியிலேயே நான் கைகழுவ எழுந்து போனேன்.

திரும்பும் வழியில் பஸ்ஸில் மகளிடம் கேட்டேன். "அனுப்பிட்டியா?"

"இன்னும் இல்லப்பா. திங்கக்கிழமை வரைக்கும் டைம் இருக்குது. நீ சொல்றியா?"

சொல்லலாம். ஆனால் அவர் சொன்னதையே திருப்பிச் சொன்னால் அது அவர் கதைதானே. என் அப்பா சொன்ன கதையில் இன்னும் ஒன்று இருந்தது. இருந்தது என்பது மட்டும் நினைவிருந்தது.

அந்த வாரம் சர்க்கரை பார்க்க முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். டாக்டரம்மா சின்னப் பெண். மறதி வருகிறது என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"என்ன வேலை பாக்குறீங்க?"

"உக்காந்துக்கினு இருக்கறதுதாங்க."

கால் நடந்தால்தான் மூளைக்கு ரத்தம் நன்றாக ஓடும், ஞாபகம் வைக்கிற இடமும் சுறுசுறுப்பாக இருக்கும், நாள் முழுக்க உட்கார்ந்தால் அதுவும் மந்தமாகிவிடும் என்றார்.

"மருந்து எழுதித் தர்றீங்களா?"

"நல்ல செருப்பா ஒண்ணு வாங்குங்க. அதான் மருந்து."

வெளியே வரும்போது எனக்கு உடம்பைப் பற்றிய கவலை இல்லை. தெருத்தெருவாக நடக்கிற சகலையின் மூளையில் எவ்வளவு ரத்தம் ஓடும் என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் விடியற்காலையில் திருவாமாத்தூர் ரோட்டில் நடக்க ஆரம்பித்தேன். "என்ன, வாக்கிங்கா?" என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்று கூச்சம். காய் வாங்கப் போகிறவன் மாதிரி கையில் ஒரு துணிப்பை வைத்துக்கொண்டேன். வெறும் பையோடு திரும்பினால் நன்றாக இருக்காதே என்று தினமும் எதையாவது வாங்கினேன். "ஏங்க, நேத்து வாங்கினதே இருக்குது," என்று மனைவி அலுத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலை பூசணிக்காய் வாங்கிவிட்டேன். பாதி வழியில் கை விட்டுப்போனது. பையை மறு கைக்கு மாற்றினேன். அந்தக் கனம் கையில் இறங்கியதும், அப்பா சொன்னது ஞாபகத்துக்கு வந்தது. நடையை எட்டிப் போட்டேன்.

மகள் கல்லூரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"காலையிலேயே அனுப்பிட்டேம்பா. நீ சொல்வேன்னு பாத்தேன், வாயே தொறக்கல." என் முகத்தைப் பார்த்துவிட்டு, "கடைசியில சித்தப்பா என்ன சொல்லிருக்காரு கேளு," என்று போனில் போட்டுக் காட்டினாள்.

நான் கைகழுவப் போன பிறகு பதிவானது அது. "இத எனக்குச் சொன்னதே உங்கப்பாதான். எனக்குக் கல்யாணம் ஆன புதுசுல சொன்னாரு. அவரு சொல்றாப்ல எனக்கு வராது."

அதைக் கேட்டு நான் நெகிழ்ந்திருக்க வேண்டும். இப்படிச் சொல்லவும் அவருக்கு வருகிறதே என்று அதற்கும் சேர்த்துப் பொறாமைப்பட்டேன்.

மகளோடு பஸ் ஸ்டாப் வரைக்கும் நடந்தேன். வழியில் சொன்னேன். "தடியைக் கையில வாங்கினப்பவே தம்பிக்குக் கனம் தெரிஞ்சுபோச்சு. உள்ள என்னமோ இருக்குதுன்னு புரிஞ்சுபோச்சு."

"அப்பறம் ஏன் சும்மா இருந்தான்?"

"அவ்ளோ ஜனம் நின்னுக்கினு இருந்துது. வாய் வரல."

பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தாள். பிறகு, "இது சித்தப்பாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"தெரியாது," என்றேன். "சொல்லாத."