அறுபத்து மூன்றாம் எண் வில்லை

என் அலமாரியின் மேல்தட்டில், பிறப்புப் பத்திரங்களுக்கு அடியில், ஒரு பித்தளை வில்லை இருக்கிறது. மேலே ஒரு துளை, அதில் கோத்த ரப்பர் வளையம், நடுவில் 63 என்ற எண். எதையாவது தேடும்போது அது விரலில் பட்டால் இன்றும் தேடியதை விட்டுவிட்டு அலமாரியைச் சாத்திவிடுவேன். இத்தனை வயதுக்கு மேல் ஒரு தகட்டுக்குப் பயப்படுகிறாளே என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்.

ஈப்போவில் ஒரு பொது நீச்சல் குளத்தில், துணி வாங்கி வைக்கும் கவுண்டரில் வேலை பார்த்தேன். ஈயச் சுரங்கங்கள் கொழித்த நாளில் வெள்ளைக்காரன் கட்டிய குளம். பெரியவர்களுக்கு நீளமாக ஒன்று, குழந்தைகளுக்கு முழங்கால் ஆழத்தில் ஒன்று, குதிக்க ஒரு சிமெண்ட் மேடை, கால் கழுவும் தொட்டி, உடை மாற்றும் அறைகள், வாசலில் நூடுல்ஸ் வறுத்துத் தரும் மீ கோரெங் கடை. தொடக்கத்தில் துரைமார்கள்தான் குளித்தார்களாம். என் காலத்தில், ரப்பர்த் தோட்டத்தை விட்டுப் பட்டணம் வந்த எங்கள் ஆட்களின் பிள்ளைகளும் லீவு நாளில் கும்பலாக வந்து குதித்தார்கள்.

கவுண்டரில் என்னோடு இருந்தவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். என்னைவிட நான்கைந்து வயது மூத்தவர், பத்து காஜா ஊருக்குப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். நீச்சல் குளத்தில் சம்பளம் வாங்கினாரே தவிர, தண்ணீர்ப் பக்கம் போகவே மாட்டார். குளத்தைத் தாண்ட வேண்டுமென்றால் சுவரை ஒட்டியே நடப்பார். ஈயம் தோண்டிய குட்டையில் தன் தம்பி மூழ்கிப் போனதை ஒரே ஒரு முறை சொன்னார். அதன் பிறகு நானும் அவர் நடையைக் கிண்டல் செய்வதை விட்டுவிட்டேன்.

எங்கள் வேலை எளிது. குளிக்க வருபவர் கழற்றிய துணியைக் கம்பிக் கூடையில் போட்டுத் தருவார். கூடையை அடுக்கில் வைத்து, அதே எண் போட்ட வில்லையைக் கொடுப்போம். அதைக் கையில் மாட்டிக்கொண்டு குளிக்கப் போவார். திரும்பி வந்து வில்லையைத் தந்தால் கூடை கிடைக்கும். வாங்கிய வில்லையை உடனே அதனதன் ஆணியில் மாட்டிவிட வேண்டும். மூடும் நேரத்தில் ஓர் ஆணி காலியாக இருந்தால், ஓர் ஆள் இன்னும் வெளியே வரவில்லை என்று அர்த்தம். "ஆணியப் பாரு, ஆளப் பாக்காத" என்று அக்கா சொல்லிக்கொண்டே இருப்பார். எனக்கோ கூட்ட நேரத்தில் ஆணி தேடப் பொறுமை இருக்காது. வில்லைகளை வளையல் போல என் கையிலேயே மாட்டிக்கொண்டு போய், பிறகு மொத்தமாகத் தொங்கவிடுவேன்.

அன்று பள்ளி விடுமுறை. வடிகட்டும் இயந்திரம் பழுதாகி இரண்டு நாளாகத் தண்ணீர் கலங்கிக் கிடந்தது, அடித்தரை தெரியவில்லை. மாலையில் இடி இடித்ததும் விசில் ஊதி எல்லோரையும் கரையேற்றினார்கள். கவுண்டரில் ஈரக் கைகள் முட்டி மோதின. கொடுத்த வில்லைகளையெல்லாம் வாங்கிக் கையில் ஏற்றிக்கொண்டேன். கூட்டம் வடிந்த பிறகு வில்லைகளை ஆணிகளில் தொங்கவிட்டுப் பார்த்தால், அடுக்கில் ஒரு கூடை மட்டும் இருந்தது. கட்டம் போட்ட சின்னச் சட்டை, கால்சட்டை, பாதி தின்ற மிட்டாய். அறுபத்து மூன்றாம் ஆணி காலி.

"அறுபத்து மூணு எங்க?" என்றார் அக்கா.

"தெரியலக்கா." அந்த நிமிடத்தில் அது உண்மைதான்.

அக்கா கவுண்டரை விட்டு இறங்கி மழையில் ஓடினார். காவலுக்கு இருந்த மலாய்க்காரப் பெரியவர் ஆழமான பக்கம் மூழ்கித் தேடிக்கொண்டிருந்தார். அக்கா இலை அள்ளும் நீளக் கம்பை எடுத்துக்கொண்டு, ஆழம் குறைந்த இந்தப் பக்கத்துப் படியில் இறங்கினார். சுவரை ஒட்டி நடக்கிற அக்கா, கால்களால் தரையைத் துழாவிக்கொண்டு மார்பளவு தண்ணீரில் போனார். கரையில் நின்று, முகத்து மழையைத் துடைக்கக் கையைத் தூக்கினேன். நீளக்கைச் சட்டைக்குள், முழங்கைக்குக் கீழே, ஏதோ அழுத்தியது. தொட்டதுமே தெரிந்துவிட்டது, அந்த வில்லைதான்; பையன் எப்போதோ கரையேறிவிட்டான்.

"இருக்குக்கா" என்று ஒரு சொல் கத்தியிருந்தால் போதும். வில்லைகளைக் கையில் மாட்டிக்கொள்வதற்காக மேலதிகாரி ஏற்கெனவே ஒரு தடவை எச்சரித்திருந்தார். வேலை போய்விடும் என்ற பயம். சட்டைக் கையை இழுத்து விட்டேன். அக்கா இன்னோர் அடி வைத்தார். தரை சரியும் இடம் அது. தலை உள்ளே போய்விட்டது.

பெரியவர்தான் இழுத்துக் கரையில் போட்டார். அக்கா தண்ணீரைக் கக்கிக்கொண்டிருந்தபோது வாசலில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. பின்னால் ஈர நீச்சல் கால்சட்டையோடு ஒரு பையன்.

"துணிய மறந்துட்டு வந்துட்டான் லா. இடி இடிச்சதும் நான்தான் ஏறு ஏறுன்னு அவசரப்படுத்திட்டேன்" என்றார் அவன் அப்பா.

பையன் என்னைக் காட்டினான். "நம்பர அந்த அக்காகிட்ட குடுத்துட்டேன்."

அக்கா அவனைத் தலை முதல் கால் வரை பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "எங்கயாச்சும் விழுந்திருக்கும். பையன் வந்துட்டான், போதும்" என்றார். அடுத்த மாதமே பிஸ்கட் தொழிற்சாலைக்கு வேலை மாறிப் போய்விட்டார். கூடைக்குப் பதில் பூட்டுப் பெட்டிகள் வரும்வரை நான் அங்கேதான் இருந்தேன். அந்த ஆணி காலியாகவே இருந்தது.

போன வாரம் குனோங் ராபாட்டில் இருக்கும் அவர் வீட்டுக்கு வில்லையை எடுத்துக்கொண்டு போனேன். மேசையில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"தெரியும் லா" என்றார் அக்கா. "தண்ணிக்குள்ள இருந்து பாத்தேன், நீ சட்டைக் கைய இழுத்து விட்டே. அப்பப் புரியல. வீட்டுக்குப் போயி தலை துவட்டறப்பதான் புரிஞ்சிச்சு."

"ஏன்க்கா என்னைக் கேக்கல?"

"கேட்டா, ஆமான்னு சொல்லிடுவியோன்னு பயமா இருந்திச்சு."

காப்பி கலக்கிக் கொடுத்தார். கை கழுவப் போனபோது குளியலறைத் தொட்டியில் கணுக்கால் அளவுதான் தண்ணீர் இருந்தது. கிளம்பும்போது வில்லையை என் பக்கம் தள்ளினார். "இத எடுத்துக்கிட்டுப் போ. அந்தக் குளத்துச் சாமான் எதுவும் என் வீட்டுல வேணாம்."

கொடுத்துவிட்டால் பயம் போய்விடும் என்று நினைத்திருந்தேன். நேற்று மகளின் பிறப்புப் பத்திரத்தைத் தேடியபோது அது விரலில் பட்டது. வீட்டில் யாரும் இல்லை. என்னை அறியாமல் சட்டைக் கையை இழுத்து விட்டுக்கொண்டேன்.