கப்பலில் வந்த தகரம்

எங்கள் குடும்பத்தில் சித்தப்பாவுக்குத் தெரியாத விஷயமே கிடையாது. அதை அவரேதான் சொல்வார். அப்பேர்ப்பட்டவரை வாயடைக்க வைத்தது ஒரு பழைய தகரம்.

நான் நான்காம் வகுப்புப் படித்த வருடம், செம்பட்டியில் வாழ்க்கைப்பட்டிருந்த அத்தை ஒரு டிரங்குப் பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். வந்தவர் திரும்பிப் போகவில்லை. எங்கள் பூந்தோட்டத்து ஓரத்தில் நாலு சுவர் எழுப்பி, கூரை போட்டு, தனியாக இருந்துகொள்கிறேன் என்றார். என்னையும் கூட்டிக்கொண்டு நாகல் நகர் பழைய இரும்புக் கடைக்குப் போய் நெளித்தகரம் எடுத்தார். கொடைரோடு ரயிலடியில் சரக்குக் கொட்டகைக்குப் போட்டிருந்த தகரமாம். வெள்ளைக்காரன் காலத்தில் கப்பலில் வந்ததாம். அடிப்பக்கம் நீல மசியில் ஒரு சிங்கமும் மங்கிப்போன இங்கிலீஷ் எழுத்தும் இருந்தன. அத்தை எழுத்தைப் பார்க்கவில்லை. துத்தநாகப் பூச்சில் பூப்பூவாகப் படர்ந்திருந்த கோலத்தையே விரலால் தடவிக்கொண்டு நின்றார். பூ பெரிதாக இருந்தால் பூச்சு கனம் என்பது அவர் கணக்கு.

"என்னக்கா, நம்ம தாத்தா வயசுத் தகரத்தத் தூக்கிட்டு வந்திருக்க? ஒரு மழைக்குத் தாங்காது," என்றார் சித்தப்பா. மாட்டுக் கொட்டகைக்கு அவர் வாங்கியிருந்த நீலப் பெயிண்ட் தகரம் வாசலில் மின்னிக்கொண்டிருந்தது.

"ரெண்டுலயும் ஆணிய வச்சுக் கீறுடா. பதினஞ்சு நாள் உப்புத்தண்ணி ஊத்திப் பாப்பம்," என்றார் அத்தை.

அப்பா குறுக்கே வந்தார். "சரி. ஒன் தகரம் துருப்புடிச்சா, மறுபேச்சு இல்லாம செம்பட்டிக்குக் கெளம்பிரணும். மாப்ள வந்து கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிட்டுத்தான் இருக்காரு."

அத்தை தலையாட்டினார்.

தண்ணீர் ஊற்றும் உத்தியோகம் எனக்கு. காலையில் ஒரு செம்பு, சாயங்காலம் ஒரு செம்பு. எந்தத் தாசில்தாருக்கும் அவ்வளவு மிடுக்கு இருந்திருக்காது. பத்தாம் நாள் எனக்கு அறிவு கொஞ்சம் கூடுதலாக வேலை செய்தது. அத்தையின் தகரத்தில் வெள்ளையாக மாவு போல ஏதோ படிந்திருந்தது. தோற்றுவிடுவாரோ என்று பயந்து, அம்மா குத்துவிளக்கைத் துலக்குகிற மாதிரி புளியும் சாம்பலும் வைத்துத் தேய் தேயென்று தேய்த்தேன். மாவு போனது. கூடவே பூவும் போனது. தகரம் கரிச்சட்டி நிறத்துக்கு வந்துவிட்டது. பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதைதான். யாரிடமும் மூச்சு விடவில்லை. மிச்சமிருந்த ஐந்து நாளும் அந்தத் தகரத்தைப் பார்க்காமலே தண்ணீர் ஊற்றினேன்.

பதினைந்தாம் நாள் எல்லோரும் வாசலில் கூடினோம். சித்தப்பாவின் தகரத்தில் கீறலின் இரண்டு பக்கமும் பெயிண்ட் உப்பி, செங்காவியாகத் துரு வழிந்திருந்தது. அத்தையின் தகரம் பார்க்கச் சகிக்கவில்லை. ஆனால் கீறலில் துரு மருந்துக்குக்கூட இல்லை. அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, நகத்தால் சுரண்டிச் சுரண்டிப் பார்த்தார்.

"எவளோ புளி போட்டுத் தேச்சிருக்கா," என்றார் அத்தை, என் பக்கம் திரும்பாமலே. "அம்புட்டுத் தேச்சும் துருப்புடிக்கல, பாத்தீகளாண்ணே?"

அப்பா கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். சித்தப்பா தன் தகரத்தைச் சத்தமில்லாமல் குப்புறத் திருப்பி வைத்தார். "எங்கத்தை ஜெயிச்சிருச்சு!" என்று நான் தெருக்கோடி வரை கத்திக்கொண்டே ஓடினேன். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷம் பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கியபோதுகூட வந்ததில்லை. அந்தக் கூரைக்கு ஏறி ஆணி அடித்தவரும் சித்தப்பாதான்.

வேலை முடிந்த அன்று மத்தியானம், அத்தை உள்ளே போய்க் கதவைச் சாத்தி உள்தாழ்ப்பாள் போட்டார். திறந்தார். மறுபடி போட்டார். திறந்தார். இப்படியே நாலைந்து தடவை. ஏதோ விளையாட்டு என்று நினைத்து வெளியே நின்று கைதட்டினேன். அத்தையும் சிரித்தார், கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. பந்தயத்தில் ஜெயித்தவர் எதற்கு அழ வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை.

எனக்குக் கல்யாணம் நிச்சயமான சமயத்தில்தான் அம்மா சொன்னார்: செம்பட்டி வீட்டில் அத்தையின் அறைக்குத் தாழ்ப்பாள் வெளிப்பக்கம் மட்டும்தான் இருந்ததாம்.