ரயிலில் வரும் டிரைவிங் மாஸ்டர்

ரயிலை விட்டு இறங்கியதும் மாஸ்டர் முதலில் செய்கிற காரியம், கார் சாவியைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து ஆள்காட்டி விரலில் மாட்டிக்கொள்வது. குடோன்களுக்குப் பின்னால் போகும் சந்து வழியாக நடந்து, தான் வேலை பார்க்கும் டிரைவிங் ஸ்கூல் வாசலை நெருங்கும்போது அதைச் சுழற்றத் தொடங்குவார். இப்போதுதான் காரை நிறுத்திவிட்டு வருகிறார் என்று பார்ப்பவர்கள் சத்தியமே செய்வார்கள். "வண்டி எங்க மாஸ்டர்?" என்று கேட்டால், "பின்னாடி நிழல்ல நிக்குது" என்பார். பொய் இல்லை. நாலு ஸ்டேஷன் பின்னாடி, அவர் ரயில் ஏறிய இடத்தில், தண்ணீர்த் தொட்டியின் நிழலில்தான் நிற்கிறது.

எதிர்க்கடையில் பால் வாங்கவும் காரை எடுக்கிற ஊர் இது. நடந்து போனால், "என்ன, வண்டி ரிப்பேரா?" என்று நாலு பேர் நிறுத்தி ஏற்றிக்கொள்வார்கள். துருப்பிடித்துக் கிடந்த தண்டவாளத்தில் போன வருஷம்தான் மறுபடி ரயில் விட்டார்கள், அதுவும் சோதனைக்காக. ரயிலில் போகிறவன் ஒன்று லைசென்ஸ் பறிபோனவன், இல்லை தொழில் நொடித்தவன் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. அதனால் பெட்டி நிறைய ஆள் இருந்தாலும் பேச்சுமூச்சு இருக்காது. பல் டாக்டர் தொப்பியை மூக்கு வரை இழுத்துவிட்டிருப்பார். டயர் கடைக்காரர் ஜன்னலை விட்டு முகத்தைத் திருப்பவே மாட்டார். இறங்கிய பிறகு யாரும் யாரையும் பார்த்ததில்லை.

மாஸ்டருக்குக் கூடுதல் சங்கடம். ஸ்கூல் மச்சானுடையது, அதாவது மனைவியின் அண்ணனுடையது. பக்கத்திலேயே அவருக்குக் கார் ஷோரூமும் உண்டு. "ரயில் மட்டும் நிலைச்சுதுன்னா நம்ம பொழப்புல மண்ணுதான் மாப்ளே" என்று மச்சான் தினமும் புலம்புவார். மாஸ்டரும் தலையை ஆட்டுவார். விஷயம் தெரிந்தால் வேலை போகும், வீட்டு நிம்மதியும் கூடவே போகும்.

ஆனாலும் விட முடியவில்லை. "நாள் பூரா எவனெவனோ ஸ்டியரிங்கைப் பிடிக்கிறான், நான் உயிரைக் கையில பிடிச்சிட்டுப் பக்கத்துல உக்கார்றேன். போற வர்ற நேரமாச்சும் நிம்மதியா இருக்க வேணாமா?" என்று டிக்கெட் பரிசோதகரிடம் ஒருநாள் நியாயம் கேட்டார். ஸ்டேஷன் நெருங்கும்போது மட்டும் கால் தன்னால் தரையை அழுத்தும். ரயில் குலுங்காமல் நின்றால், "பரவால்ல, டிரைவருக்குக் கை படிஞ்சிடுச்சு" என்பார்.

முன்பெல்லாம் வழியில் வந்த அத்தனை வண்டிகளையும் வைதுகொண்டே வீட்டுக்குள் நுழைவார். இப்போது சீட்டியடித்துக்கொண்டு வருகிறார். "ரோடு புதுசா போட்டுட்டாங்களா என்ன?" என்று மனைவி கேட்டாள். "ஆமா ஆமா, பளபளன்னு இருக்கு" என்றார்.

சோதனைக் காலம் முடிந்ததும் ரயில்வே அதிகாரி ஊர்க்கூட்டம் போட்டார். மாஸ்டருக்கு ஒரு பக்கம் மச்சான், மறு பக்கம் மனைவி.

"டிக்கெட் விக்குது. ஆனா ரயில் வேணும்னு இந்த ஊர்ல ஒருத்தர்கூட வாயைத் திறக்கல" என்றார் அதிகாரி. "யாருக்கும் வேணாம்னா எங்களுக்கு என்ன வம்பு, நிறுத்திடறோம். தினம் இதுல போறவங்க யாராச்சும் இருந்தா கையைத் தூக்குங்க."

பல் டாக்டர் மின்விசிறியை ஆராய்ந்தார். டயர் கடைக்காரர் குனிந்து ஷூ நாடாவைக் கட்டத் தொடங்கி, கட்டிக்கொண்டே இருந்தார். "பாத்தியா மாப்ளே, ஒருத்தன் இல்ல!" என்று மச்சான் தொடையில் தட்டினார். மாஸ்டருக்கு நாளையிலிருந்து மறுபடி ரோடு, ஹாரன், வசவு. அழுகை வரும் போலிருந்தது. ஆனால் கை மடியை விட்டு எழவில்லை.

அப்போது மனைவி, மேடையிலிருந்து பார்வையை எடுக்காமலேயே, அவருடைய மணிக்கட்டைப் பிடித்து மேலே தூக்கினாள்.

"தூக்குங்க. அந்தப் பழைய சிடுமூஞ்சியோட இனிமே என்னால குடித்தனம் நடத்த முடியாது."

மச்சான் வாயைப் பிளந்தபடி திரும்பினார். அவள் பிடியை விட்டுவிட்டாள். மாஸ்டர் மச்சானை ஒரு தரம் பார்த்தார். பிறகு கையை இன்னும் கொஞ்சம் உயர்த்தி, எல்லோருக்கும் தெரியும்படி ஐந்து விரலையும் விரித்துக் காட்டினார்.