உப்பு வெல்லம்

பாறைக்குள்ளிருந்து கடல் பீறிட்டு வரும் ஓட்டையைக் காட்டுகிறேன் என்று அப்பா போனில் சொன்ன நாளிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. ஓமன் நாட்டில் சலாலா துறைமுகத்தில் அவர் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தார். பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டு நானும் அம்மாவும் திருவள்ளூரிலிருந்து கிளம்பினோம். ஊத்துக்கோட்டைக்கு அப்பால் எதையும் பார்த்திராத எனக்கு விமானமே பெரிய விஷயம். ஆனாலும் நினைப்பெல்லாம் அந்த ஓட்டையின் மேல்தான்.

அம்மாவின் நினைப்பு வேறு. அப்பா மறுபடியும் காண்ட்ராக்டில் கையெழுத்துப் போட இருந்தார். அதைத் தடுத்து, அவரைக் கையோடு ஊருக்கு அழைத்து வந்துவிட வேண்டும் என்பது அவள் திட்டம். போய் இறங்கிய அன்றே ஆரம்பித்துவிட்டாள்.

“நம்மூரு பக்கத்துல, காக்களூர்ல இல்லாத கம்பெனியா? வந்துடுங்களேன்.”

“அங்க இன்னா குடுப்பான்? சும்மா பேஜார் பண்ணாதமே,” என்றார் அப்பா.

அவருடைய லீவு நாளில் போனோம். பாறையில் ஒரு ஓட்டை, மேலே இரும்புக் கம்பி. அவ்வளவுதான். இதற்கா இத்தனை அலட்டல் என்று நினைத்தேன். அடியில் ஏதோ உறுமியது. அடுத்த நொடி தென்னைமர உயரத்துக்குத் தண்ணீர் சீறிக்கொண்டு எழுந்து எங்கள் தலையில் கொட்டியது. சந்தோஷத்தில் தொண்டை கிழியக் கத்தினேன். “நைனா, இன்னொருவாட்டி!” என்றேன், அவர்தான் குழாயைத் திறந்துவிட்டதுபோல.

அப்போது அம்மா கைப்பையிலிருந்து ஒரு வெல்லக்கட்டியை எடுத்தாள். எங்கள் ஊர்க் கோயில் குளத்தில் வேண்டிக்கொண்டு வெல்லம் கரைப்பது வழக்கம். அது கரைவதுபோல உடம்பில் இருக்கிற கட்டி, மரு எல்லாம் கரையும் என்பார்கள். அப்பாவின் கழுத்தில் சுண்டைக்காய் அளவுக்கு ஒரு மரு இருந்தது. அதற்குத்தான் என்று எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது.

அம்மா கண்ணை மூடி, உதடு அசைய வேண்டிக்கொண்டு, கம்பி இடுக்கில் வெல்லத்தைப் போட்டாள். உறுமல் கேட்டது. சீறிய தண்ணீரோடு வெல்லமும் மேலே போய், நேராக அப்பாவின் வழுக்கையில் வந்து விழுந்தது. சுற்றி நின்ற மலையாளிகள் கைதட்டிச் சிரித்தார்கள். அப்பா அதைப் பொறுக்கி ஒரு கடி கடித்துவிட்டு, மீதியை என் வாயில் போட்டார். உப்பும் இனிப்புமாக அப்படியொரு ருசி!

அம்மா மட்டும் சிரிக்கவில்லை. “கரையலியே,” என்றாள்.

“இன்னொண்ணு போடும்மா!”

“இல்ல. எடுத்துக்கினு வந்தது ஒண்ணுதான்.”

ஊருக்கு நாங்கள் இரண்டு பேர்தான் திரும்பினோம். அப்பா கையெழுத்துப் போட்டுவிட்டார்.

கொஞ்ச நாள் கழித்து வீடியோ காலில் பார்த்தால், அப்பாவின் கழுத்தில் மருவைக் காணோம். டாக்டரிடம் போய் எடுத்துவிட்டாராம். அதை நான் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

“அம்மா, ஓடியா! வெல்லம் பலிச்சிடுச்சி!” என்று வீடு அதிரக் கத்தினேன்.

அம்மா சமையலறையை விட்டு வரவில்லை. ஒரு மருவுக்காக யாரும் அவ்வளவு தூரம் வெல்லம் சுமந்துகொண்டு போகமாட்டார்கள் என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.