சித்தப்பாவின் புதுத் துவக்கும் என் நூறு மீற்றர் ஓட்டமும்

புதுச் சாமான் என்றால் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம் என்று நினைப்பவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். ஸ்டுட்கார்ட்டுக்குப் பக்கத்தில் இன்று எனக்கு மூன்று கராஜ்கள் இருக்கின்றன. பட்டம் பெற்ற எஞ்சினியர்மார் தங்கள் கார்களை என்னிடம்தான் கொண்டுவந்து விடுகிறார்கள். நானோ பள்ளிக்கூடத்துக்குப் பாதியிலேயே கும்பிடு போட்டவன். ஆனால் பெட்டி உடைக்காத பிரேக் கட்டையாக இருந்தாலும், என் கையால் ஒரு தரம் தட்டிப் பார்க்காமல் எந்தக் காரிலும் பூட்டவிட மாட்டேன். இந்தப் புத்தியை எனக்கு எந்த வாத்தியாரும் தரவில்லை. என் சித்தப்பா வாங்கிய துவக்குத் தந்தது.

பயப்பட வேண்டாம், ஆளைச் சுடுகிற துவக்கு அல்ல. ஓட்டப் போட்டியைத் தொடக்கிவைக்கிற கைத்துவக்கு. வெற்றுத் தோட்டா போட்டு விசையை இழுத்தால் பெரிய சத்தமும் கொஞ்சம் புகையும் வரும், அவ்வளவுதான்.

அப்போது எனக்குப் பதினொரு வயது. பால்பல் விழுவதற்கு முன்பே ஜெர்மனிக்கு வந்துவிட்டதால் ஊர் எனக்கு மங்கலாகக்கூட ஞாபகம் இல்லை. எனக்குத் தெரிந்த உலகம் எங்கள் தெரு, தமிழ்ப் பள்ளி, ஓட்டம். எங்கள் பள்ளியில் என்னை முந்த ஒருவன் பிறந்திருக்கவில்லை. ஆனாலும் முந்தைய ஆண்டு விளையாட்டுப் போட்டியில் பக்கத்து ஊர்ப் பள்ளியின் நெட்டைப் பெடியன் ஒருவன் வெற்றிக் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு போனான். நடுவர் விசில் ஊத முன்பே அவன் பாய்ந்ததை நான் கண்ணால் கண்டேன். முதலில் ஊதியது நடுவரா, பார்வையாளர் பக்கம் நின்ற குழந்தையா என்று பெரியவர்கள் மாலைவரை சண்டை பிடித்ததுதான் மிச்சம்.

அதனால் அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் சித்தப்பா எழுந்து நின்றார்.

"விசிலை நம்பினால் உப்பிடித்தான். ஒரு துவக்கு வாங்குவம். பொறுப்பை என்னட்டை விடுங்கோ."

சித்தப்பா அப்பாவின் தம்பி. போருக்குத் தப்பி அகதியாக வந்து ஓர் உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். ஆனால் ஊரில் விளையாட்டுக் கழகத்தின் தலைவராக இருந்த நடை இன்னும் அவரைவிட்டுப் போகவில்லை. துவக்கு வந்தது. பளபளவென்ற உடம்பு, வெல்வெட் விரித்த பெட்டி. பாதுகாப்புப் பூட்டைக் காட்டி, இதைத் தள்ளிவிட்டால் இடி விழுந்தாலும் வெடிக்காது என்று வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோருக்கும் விளக்கம் சொன்னார்.

எனக்குத் துவக்கைவிடப் பெரிய விஷயம் வேறு இருந்தது. அம்மா சனிக்கிழமைகளில் அலுவலகங்கள் துப்புரவாக்கப் போவார். நான் ஓடியதை அவர் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. அந்த ஆண்டு யாருடனோ வேலையை மாற்றிக்கொண்டு வருவதாகச் சொன்னார். நான் முதலாவதாக வரவேண்டும், அதை அம்மா பார்க்கவேண்டும். வேறொன்றும் வேண்டாம்.

முதலில் சின்னப் பிள்ளைகளின் ஓட்டம். சித்தப்பா கையை வானத்துக்கு உயர்த்தி "ஆயத்தம்!" என்றார். துவக்கு "டிக்" என்றது. மறுபடியும் "டிக்". கடைசியில் சித்தப்பாவே "ஓடுங்கோ!" என்று கத்தினார்.

அடுத்தது பெண்பிள்ளைகள். இந்தமுறை வெடித்தது. அவர்கள் பாதி தூரம் போனதும், கீழே இறக்கிய கையிலிருந்து தானாக இன்னொரு தரமும் வெடித்தது. இரண்டாம் வெடி என்றால் பிழையான தொடக்கம், திரும்பி வரவேண்டும் என்று படிப்பித்திருந்தார்கள். பாவம், எல்லோரும் ஒழுங்காகத் திரும்பி வந்தார்கள்.

போட்டிக் குழுத் தலைவர் ஊரில் பள்ளிக்கூட அதிபராக இருந்தவர். அவருக்குப் பொறுக்கவில்லை.

"தம்பி, உது துவக்கோ, இல்லாட்டி மழையிலை நனைஞ்ச சீனவெடியோ?"

"புதுசு அண்ணை, அதுதான் இறுக்கம். பழகப் பழகச் சரிவரும்."

"பழகிறதுக்கு உதென்ன, புது மாப்பிள்ளையோ?"

எல்லோரும் சிரித்தார்கள். பிறகு எங்கள் ஓட்டம். பக்கத்துக் கோட்டில் நெட்டையன்.

"உங்கடை சித்தப்பான்ரை துவக்கை விட என்ரை தும்மல் பெருசு" என்றான்.

"ஓடிப்போட்டுத் தும்மு" என்றேன்.

ஓட்டம் முடிகிற கோட்டுக்குப் பக்கத்தில் நீலச் சேலையில் அம்மா நின்றார். வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்து என்னைத் தேடினார். கண்டுகொண்டார், கை காட்டினார். என் நெஞ்சு அடித்த அடியில் சட்டைப் பொத்தான் தெறிக்கும்போல் இருந்தது.

"இடத்துக்கு! ஆயத்தம்!"

டிக்.

"ஒருத்தரும் அசையாதேங்கோ! ஆயத்தம்!"

டிக்.

சித்தப்பாவின் முகம் கறுத்துவிட்டது. பூட்டைத் தள்ளினார். "பூட்டுப் போட்டாச்சு, பயமில்லை" என்று சொல்லிவிட்டு, பக்கத்தில் இருந்த தேநீர் மேசையில், வடைத் தட்டுக்கு அருகே துவக்கை வைத்தார். வேறு தோட்டா எடுக்கப் பைக்குள் கையை விட்டார். எங்களை எழும்பச் சொல்ல ஒருவருக்கும் நினைவில்லை. நாங்கள் விரல்களை நிலத்தில் ஊன்றிக் குனிந்தபடியே இருந்தோம். அந்த நேரம் பார்த்து யாரோ தேநீர்ப் பானையை மேசையில் இருந்து தூக்கினார்கள். மேசை ஒரு பக்கம் சரிந்தது. துவக்கு வழுக்கிப்போய்க் கீழே விழுந்தது.

டமார்!

நாங்கள் பாய்ந்தோம். வெடித்தால் ஓடவேண்டும், எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். நான் அப்படி ஓடியது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. காது இரைந்தது, புல் பின்னால் பறந்தது. நெட்டையனின் மூச்சு முதலில் தோளுக்குப் பக்கத்தில் கேட்டது, பிறகு முதுகுக்குப் பின்னால், பிறகு கேட்கவே இல்லை. நெஞ்சை முன்னே தள்ளி நாடாவை அறுக்கப் போனேன். நாடா நிலத்தில் கிடந்தது.

நாடாவைப் பிடித்தவர்களும் நிலத்தில் கிடந்தார்கள்.

திரும்பிப் பார்த்தேன். மைதானத்தில் பெரியவர் என்று ஒருவரும் நிற்கவில்லை. பட்டுச் சேலைகள், கழுத்துப்பட்டி கட்டிய மாமாமார், எல்லோரும் குப்புறக் கிடந்தார்கள். தலைவர் வாயில் விசிலோடு மேசைக்குக் கீழே இருந்தார். சித்தப்பா இரண்டு சின்னப் பிள்ளைகளைத் தன் உடம்பால் மூடிக்கொண்டு கிடந்தார். யாரும் கத்தவில்லை. ஒரு கடதாசிக் குவளை மட்டும் உருண்டுகொண்டிருந்தது. நானும் நெட்டையனும் பகையை மறந்து, ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு வயிறு நோகச் சிரித்தோம்.

பிறகு ஒவ்வொருவராக எழும்பி, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உடுப்பைத் தட்டினார்கள். வழக்கமான கேள்வி வந்தது: முதலாவது யார்? ஒருவருக்கும் தெரியாது. மைதானத்தைப் பராமரிக்கிற ஜெர்மன்காரர் ஒருவர் மட்டும் புல் வெட்டும் மெசினில் சாய்ந்தபடி முழு ஓட்டத்தையும் பார்த்திருக்கிறார். விரலை நீட்டி, "அந்தச் சின்னவன்தான், சந்தேகமே இல்லை" என்று ஜெர்மனில் சொன்னார். பிறகு, எல்லோரும் ஒரேயடியாய் விழுந்தது என்ன விளையாட்டு என்று கேட்டார்.

"யா, யா," என்றார் சித்தப்பா, முழங்கால் மண்ணைத் தட்டியபடி. "அது எங்கடை ஊர் விளையாட்டு."

திங்கட்கிழமை அவர் துவக்கைக் கடைக்குக் கொண்டுபோனார். கடைக்காரர் கழற்றிப் பார்த்து, பூட்டின் கொக்கி உள்ளே எதையும் பிடிக்கவே இல்லை, பிறவியிலேயே பழுது என்று ஒப்புக்கொண்டாராம். ஆனால் அதெல்லாம் பிறகு. அப்போது எனக்கு ஒரே அவசரம். கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு அம்மாவிடம் ஓடினேன்.

அம்மா அப்போதும் புல்லில் முழங்காலில் இருந்தார். சேலை முழுக்கப் புல்.

"நான்தான் முதலாவது! பாத்தனீங்களோ?"

அம்மா கிண்ணத்தைப் பார்க்கவில்லை. என்னை இழுத்துச் சட்டையை உயர்த்தினார். முதுகு, விலா, வயிறு, காதுக்குப் பின்புறம் என்று உள்ளங்கையால் அழுத்தித் தடவினார். என்னைத் திருப்பி நிறுத்தி முதலில் இருந்து மறுபடியும் தடவினார். ஒவ்வொரு தரமும் கையை எடுத்து, உள்ளங்கையை விரித்துப் பார்த்தார்.

வேர்வையைத்தான் பார்க்கிறார் என்று எனக்கு எரிச்சல் வந்துவிட்டது.

"வேர்க்கேல்லை அம்மா" என்று கத்தினேன். "கிண்ணத்தைப் பாருங்கோ!"